"அண்ணா, விடலாமா?" என்று எல்லாவற்றுக்கும் எனக்கே போன்: பட்டறை ஆட்களிடம் பொறுப்பை எப்படி ஒப்படைப்பது?

கணபதி_பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். கோவை கணபதியில் சின்னதாக ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மிஷின்) ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். அப்பா காலத்து லேத் 2, நான் வந்தபிறகு போட்ட சிஎன்சி டர்னிங் 4, ஒரு விஎம்சி (சிஎன்சி மில்லிங் மிஷின்). ஆட்கள் 14 பேர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், இம்பெல்லர், பேரிங் ஹவுசிங் எல்லாம் ஓட்டிக் கொடுக்கிறோம்.

ஆட்களைக் குறை சொல்ல வரவில்லை. மிஷினுக்கு டூலும் புரோகிராமும் செட் செய்யும் செட்டர் தம்பி 8 வருஷமாக இருக்கிறார், புரோகிராம் போடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். ஐடிஐ முடித்து வந்த பையன்களும் வேலையில் சுத்தம். ஆனால் எதற்கெடுத்தாலும் எனக்குப் போன் வருகிறது. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் 25 கே6 (25 மில்லி விட்டத்துக்கு டிராயிங்கில் கொடுக்கும் அளவு எல்லை), மேல் எல்லை 25.015 மில்லி. மைக்ரோமீட்டர் 25.014 காட்டினால், "அண்ணா, விடலாமா?" இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனைத் துண்டு) முனை போய்விட்டது, மாற்றலாமா? டெம்போக்காரர் வாடகை கேட்கிறார், கொடுக்கலாமா? காஸ்டிங்கில் (வார்ப்பில்) புளோஹோல், அதாவது காற்றுக் குழி, தெரிகிறது, ஓட்டலாமா, திருப்பி அனுப்பலாமா?

தைப்பூசத்துக்குப் பழனி போயிருந்தேன். அடிவாரத்தில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்குகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தது. சாமி கும்பிட்டு இறங்கி வந்து போனை வாங்கினால், எடுக்காத கால்கள் வரிசையாக நிற்கின்றன. அவ்வளவு நேரமும் ஒரு மிஷின் சும்மா நின்றிருக்கிறது, ஒரு இன்சர்ட்டுக்காக.

"இதையெல்லாம் நீங்களே பார்த்துக்குங்கப்பா" என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. தலையாட்டுகிறார்கள், மறுநாள் காலையில் பழையபடி போன். செட்டரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். "நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையத்தானுங்கண்ணா கேப்பீங்க" என்றார்.

எனக்கு ரெண்டு யோசனை. ஒரு லாட் ரிஜெக்ட் ஆனால் கஸ்டமர் டெபிட் போட்டு நஷ்டத்தை எங்கள் பில்லில் கழிப்பார், எங்கள் மாதிரி சின்ன பட்டறைக்கு அது பெரிய அடி. இன்னொன்று, என் தலைவலியைக் கொண்டுபோய் அவர்கள் தலையில் கட்டுகிற மாதிரியும் ஆகிவிடக் கூடாது. அவர்கள் மேலே வர வேண்டும் என்று மனசார நினைக்கிறேன். செட்டர் நாளைக்குச் சொந்தமாக ஒரு மிஷின் போட்டால்கூட எனக்குச் சந்தோஷம்தான். இந்த ஊரில் எத்தனையோ பட்டறைகள் அப்படி வந்தவைதான், என் அப்பாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சென்னிமலை_தறி:

அண்ணா, எங்கள் தறிக்கூடத்திலும் இதே கதைதான். முதலாளி பக்கத்தில் நின்றால் தறி ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். நாலு கேமரா போட்டு போனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். செட்டருக்கு சூப்பர்வைசர் என்று பேர் கொடுத்து மாசம் 2,000 ரூபாய் சேர்த்துக் கொடுங்கள், பொறுப்பு தானாக வரும்.

---

நொய்யல்கரை:

சென்னிமலை அண்ணா சொல்வதில் சம்பளம் சேர்த்துக் கொடுப்பது சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லைங்க. கேமரா வைத்தால் ஆள் எங்கே நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். எதை முடிவெடுக்கலாம் என்பது அவருக்கு அப்போதும் தெரியாது. சூப்பர்வைசர் என்று பேரை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால், கூட வேலை செய்கிறவர்கள் நடுவில் அவருக்குத்தான் சங்கடம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். கைமடியாக (உதவியாளாக) சேர்ந்து, ஓவர்லாக் ஓட்டி, செக்கிங் பார்த்து இங்கே வந்தவள். வேலை வாங்குகிற பக்கமும் தெரியும், செய்கிற பக்கமும் தெரியும்.

உங்கள் செட்டர் சொன்ன பதிலிலேயே விஷயம் இருக்கிறது. "நீங்களே பார்த்துக்குங்க" என்றதும் வேலை அவரிடம் போய்விட்டது. ஆனால் எதுவரைக்கும் அவர் இஷ்டம், எதற்கு மேல் உங்களைக் கேட்க வேண்டும், தவறிப்போனால் யார் பதில் சொல்வது, இதெல்லாம் உங்கள் மனசுக்குள்ளேயே இருக்கிறது. எல்லை தெரியாதவர் போன்தான் போடுவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் போடுவார்கள்.

எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். துணி வந்து இறங்கியதும் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பார்க்க வேண்டும். 180 ஜிஎஸ்எம் ஆர்டர், கூடவோ குறையவோ 5 சதவீதம் வரை பையர் ஒத்துக்கொள்வார் என்றால், 171 முதல் 189 வரை போகலாம். முன்பெல்லாம் ஒவ்வொரு ரோலுக்கும் கட்டிங் மாஸ்டர் என்னைத் தேடி வருவார். நான் பேக்கிங்கில் இருப்பேன், இல்லையென்றால் டையிங்காரரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பேன். வெட்டுவதற்குத் துணியை அடுக்கி லேயர் போடுகிற பையன்கள் டேபிள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இத்தனைக்கும் நான் வந்து செய்வது, நோட்டில் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்து "போடுங்க" என்பது மட்டும்தான்.

அந்த "போடுங்க" என்பதைத் துணி செக்கிங் பார்க்கும் அக்காவிடமே கொடுத்தோம். வேலையை முன்பும் அவர்தான் செய்தார். வட்டக் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருப்புவார், 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வில்லை வரும், அதைத் தராசில் போட்டு, காட்டுகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஒரே இடத்தில் வெட்டமாட்டார், ரோலின் அகலத்தில் ஓரம், நடு, மறு ஓரம் என்று பார்ப்பார். புதிதாகக் கொடுத்தது இதுதான்: 171க்கும் 189க்கும் நடுவில் இருந்தால் அவர் கையெழுத்தோடு ரோல் நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போகும், யாரையும் கேட்க வேண்டாம். அதற்கு வெளியே போனால் மஞ்சள் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ரோலை எடுப்பார், மத்தியானத்துக்குள் எனக்குச் சொல்வார்.

இதைக் கட்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர் (பையர் ஆர்டரைப் பார்ப்பவர்), துணி கொண்டுவரும் வண்டி டிரைவர் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். இது ரொம்ப முக்கியம்ங்க. தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கிற அதிகாரம் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் மட்டும்தான் தெரியும். வேறு யாராவது வந்து அதட்டினால் அவரால் நிற்க முடியாது.

ஆரம்பத்தில் அக்காவும் வந்து கேட்கத்தான் செய்தார். "அம்மணி, 173 வருது, போடட்டுமா?" நான் சரி என்று சொல்லமாட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்கக்கா?" என்று மட்டும் கேட்பேன். "போடலாம்னுதான் நினைக்கிறேன்." "அப்பப் போடுங்க." தினமும் இதே பேச்சு. போகப்போக அவரே கேட்பதை விட்டுவிட்டார். பல பேர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். நமக்குப் பதில் தெரிந்த கேள்வி, ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் வேலை நடக்கும், அதனால் சொல்லிவிடுவோம். சொன்ன அந்த நிமிஷமே முடிவு நம்மிடம் திரும்பி வந்துவிடும், நாளைக்கும் நம்மிடமே வந்து நிற்கும்.

அப்புறம் ஒரு லாட் வந்தது. வில்லை 1.68 கிராம் காட்டியது, அதாவது 168. தூத்துக்குடிக்கு கண்டெய்னர் கிளம்ப வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மெர்ச்சண்டைசர் தம்பி பதறிப்போய், "மூணு ஜிஎஸ்எம்தானேக்கா, போட்டுருங்க" என்று நின்றார். அக்கா கையெழுத்துப் போடவில்லை. ரெண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். நான் அந்த முடிவைக் கையில் வாங்கவில்லை. "துணி அக்கா பொறுப்பு. அவங்க சொல்றதுதான்" என்றேன். தம்பிக்கு முகம் சுருங்கிப்போனது, ஆனால் வேறு வழியில்லை.

அக்கா சொன்னார்: "ரோல்ல இழுத்து இறுக்கமாச் சுத்தியிருக்காங்க அம்மணி. பிரிச்சு ராத்திரி ஆறப் போடுவோம். பின்னல் துணி, சுருங்கித் தன்னால உக்காரும். காலைல மறுபடி வெட்டிப் பாப்போம்." காலையில் ஒரு பகுதி ரோல்கள் 172, 173க்கு வந்துவிட்டன, அவை லேயருக்குப் போயின. அப்படியும் ஏறாத ரோல்களை மட்டும் காம்பாக்டிங்குக்கு (துணியை மிஷினில் நெருக்கிச் சுருக்குவது) திருப்பி அனுப்பச் சொன்னார். கண்டெய்னர் தேதி தவறவில்லை. மொத்த லாட்டையும் டையிங்குக்குத் திருப்பியிருந்தால் நிச்சயம் தவறியிருக்கும். தினமும் அந்தத் துணியைத் தொட்டுப் பார்க்கிற கைக்குத் தெரிவது ஆபீசில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அப்புறம் அக்காவிடம் யாரும் அதட்டிப் பேசுவதில்லை. தையல் லைனில் இருக்கிற ரெண்டு பேர், எங்கள் லைனில் வருகிற தையல் டிபெக்ட்டுக்கு நாங்களே முடிவு சொல்கிறோம் என்று தாங்களாகவே வந்து கேட்டார்கள்.

உங்கள் பட்டறைக்கு வருகிறேன். இன்சர்ட் பெட்டி யார் மேஜையில் இருக்கிறது? சாவி யாரிடம் இருக்கிறது? சாவி உங்களிடம் இருந்தால் இன்சர்ட் மாற்றும் முடிவும் உங்களிடம்தான் இருக்கும், வாயால் என்ன சொன்னாலும் மாறாது. டெம்போ வாடகைக்கு ஒரு தொகையைச் செட்டர் கையில் கொடுத்துவிடுங்கள், உங்கள் வாரச் செலவுக்குத் தக்கமாதிரி. ரசீதோடு சனிக்கிழமை கணக்குப் பார்த்தால் போதும், நடுவில் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். ஒன்று நிலைத்தபிறகு அடுத்தது.

---

நைட்_ஷிப்ட்:

நான் ஓனர் இல்லைங்க. அரசூர் பக்கம் ஒரு யூனிட்டில் செட்டர். நொய்யல்கரை அக்கா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

முன்பு நான் இருந்த கம்பெனியில், பேர் வேண்டாம், நைட் ஷிப்டில் ஒரு டூல் ஹோல்டர் உடைந்தது. ஸ்டாக்கில் அதே ஹோல்டர் இல்லை. வேறு ஹோல்டர் போட்டு, ஃபீடைக் குறைத்து ஓட்டினேன். சைஸும் ஃபினிஷும் சரியாக வந்தன, சைக்கிள் டைம் மட்டும் கூடியது. காலையில் எல்லோர் முன்னாலும், "யாரைக் கேட்டு மாத்துன?" அதற்கு அப்புறம் அங்கே ராத்திரியில் யாரும் எதையும் தொடுவதில்லை. டூல் போனால் மிஷினை நிறுத்திவிட்டு விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்போம். அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது எங்களுக்கும் பிடிக்காது, வேலை தெரிந்த எவனுக்கும் பிடிக்காது.

அந்த "யாரைக் கேட்டு" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணா. "என்ன யோசிச்சு அப்படிப் பண்ணுன?" என்று கேளுங்கள். சொல்வதற்கு எங்களிடம் காரணம் இருக்கும். காரணம் தப்பாக இருந்தால் அங்கேயே திருத்துங்கள், அதை வைத்து அடுத்த தடவை சரியாகச் செய்வோம். கவனக்குறைவாகச் செய்ததற்கும், யோசித்துச் செய்து தவறிப்போனதற்கும் ஒரே ஏச்சு என்றால் யாரும் யோசிக்கவே மாட்டார்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொறுப்பு கூடினால் மாசச் சம்பளத்தில் தெரிய வேண்டும். தீபாவளி போனஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். தீபாவளி போனஸ் வழக்கமாகக் கொடுப்பது, அதோடு இதைக் கலந்துவிட்டால் எது எதற்கு என்றே தெரியாமல் போய்விடும்.

---

கணபதி_பட்டறை:

அக்காவுக்கும் தம்பிக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி படித்துவிட்டு இன்று காலையிலேயே செட்டரோடு பேசினேன். இன்சர்ட் பெட்டி என் ரூமில்தான் இருந்தது. 10 இன்சர்ட் கொண்ட ஒரு பெட்டியே ஆயிரக்கணக்கில் வரும் என்பதால் அப்பா காலத்திலிருந்தே அந்தப் பழக்கம். இன்றைக்கு அலமாரியோடு மிஷின் பக்கம் இறக்கிவைத்தாகிவிட்டது, சாவியும் செட்டரிடம். பழைய முனையைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்வது என்று அவரே ஒரு முறை சொன்னார், நோட்டும் அவரே போட்டுக்கொள்கிறார். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

சைஸ் விஷயத்துக்கு டிராயிங்கிலேயே எல்லை இருக்கிறது, அதை எப்படி ஆபரேட்டர் கையில் கொடுப்பது என்றுதான் யோசிக்கிறேன். ஆனால் புளோஹோல்? காஸ்டிங் கஸ்டமர் கொடுப்பது, நாங்கள் மிஷினிங் மட்டும்தான். இதில் எல்லை நம்பரில் வராதே? ஒருவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

---

பீளமேடு_ரிட்டயர்டு:

தம்பி, பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பார்த்து ஓய்வுபெற்றவன். முதலில் சைஸை முடித்துவிடுவோம்.

25 கே6 என்றால் 25.002 முதல் 25.015 வரை. வெளிவிட்டம் கடையும்போது இன்சர்ட் தேயத் தேய சைஸ் ஏறிக்கொண்டே போகும். அதனால் 25.014ல் உங்களைக் கேட்பது ரொம்பத் தாமதம். 25.012 வந்ததும் ஆபரேட்டரே ஆஃப்செட்டை (மிஷினில் டூலுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தம்) குறைக்கட்டும், ஒரு தடவைக்கு விட்டத்தில் 5 மைக்ரான் (0.005 மில்லி), அதற்கு மேல் வேண்டுமென்றால் செட்டர். இதற்கு ஏன் வரம்பு வைக்கிறேன் என்றால், சைஸ் கூடிப்போன ஷாஃப்டைத் திரும்பக் கடைந்து எடுத்துவிடலாம், 25.002க்குக் கீழே இறங்கியது ஸ்கிராப்தான். 25.015 தாண்டியது தனி டப்பாவுக்குப் போகட்டும், ரீஒர்க் செய்வதா என்று செட்டர் சொல்லட்டும். உங்களுக்கு இதில் வேலையே இல்லை, சாயங்காலம் டப்பாவில் எத்தனை கிடக்கிறது என்று பாருங்கள், போதும்.

ஒன்றை மட்டும் பையன்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுங்கள். சக்கில் (வேலைத்துண்டைப் பிடிக்கும் பிடியில்) இருந்து கழற்றியதும் சூட்டோடு அளக்கக் கூடாது. 10 டிகிரி சூடு கூடுதலாக இருந்தால் 25 மில்லி ஷாஃப்ட் கிட்டத்தட்ட 3 மைக்ரான் பெரிதாகக் காட்டும். நீங்கள் மொத்தமாக வைத்திருக்கிற இடமே 13 மைக்ரான்தான். சரியாக அளக்கத் தெரியாதவரிடம் முடிவைக் கொடுத்தால் பழி அவர்மேல் விழும், அது அவருக்குச் செய்கிற நியாயம் இல்லை.

ஒப்படைக்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். கதவு திறந்தால் மிஷினை நிறுத்தும் இன்டர்லாக்கைக் கழற்றி ஓட்டுவது, சக்கை மூடும் கார்டு (தடுப்பு) இல்லாமல் லேத் போடுவது, இதிலெல்லாம் யார் இஷ்டமும் கிடையாது, செட்டர் உட்பட. அவசர ஆர்டர் என்று உங்கள் வாயாலும் வரக் கூடாது. ஆள் கையில் அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இனி புளோஹோல். நம்பரில் வராததற்கு சாம்பிள்தான் எல்லை. ஒரே மாடலில் ரெண்டு காஸ்டிங் எடுங்கள், கஷ்டப்பட்டு ஏற்றுக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒன்று, கண்டிப்பாகக் கூடாது என்கிற மாதிரி ஒன்று. மெக்கானிக்கல் சீல் உட்காரும் முகம், பேரிங் போர், கேஸ்கெட் முகம், இங்கே குழி திறந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான். வெளிப்பக்க ரிப்பில், தண்ணீர் அழுத்தம் படாத இடத்தில் இருக்கும் சின்னக் குழிக்குச் சில கஸ்டமர்கள் ஒத்துக்கொள்வார்கள். லப்பம் வைத்து மூடியிருக்கிறதா என்று சுரண்டியும் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க நல்ல காஸ்டிங்காகத் தெரிந்துவிட்டு, கட் ஓடும்போதுதான் திறக்கும்.

அந்த ரெண்டையும் எடுத்துக்கொண்டு கஸ்டமர் கியூசியிடம் (அங்கே தரம் பார்ப்பவரிடம்) போங்கள். போகும்போது செட்டரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பேசுவது அவராகவே இருக்கட்டும். நாளைக்கு ஒரு லாட்டை நிறுத்தினால் கியூசி போன் போட வேண்டியது அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. முகம் பழகியிருந்தால்தான் அவரால் தைரியமாகப் பேச முடியும். ரெண்டு சாம்பிளிலும் கியூசி கையெழுத்தைப் பெயிண்ட் மார்க்கரில் வாங்கி, தேதி போட்டு, காஸ்டிங் இறக்குகிற இடத்திலேயே கண்ணுக்கு நேராக வையுங்கள். ஃபவுண்டரி மாறினாலோ பேட்டர்ன் மாறினாலோ சாம்பிளும் புதிதாக வாங்க வேண்டும், அதை ஞாபகம் வைத்துக்கொள்வதும் செட்டர் பொறுப்பு என்று அங்கேயே, கியூசி முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.